இஞ்சின் தட்டுகிறது

பாபநாசத்துக்கு மேலே மலைச் சாலை தொடங்குகிற இடத்தில்தான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. தகர டப்பாவில் நாலைந்து கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வண்டி மேட்டில் ஏற ஏறக் குலுக்கலும் பலத்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் காலைத் தூக்கினால் சத்தம் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் ஆரம்பித்துவிடும்.

"பெட்ரோல் சரியில்லை" என்றார் நண்பர்.

பின் சீட்டில் இருந்த அவருடைய மைத்துனர், "பிளக் சரியில்லை" என்றார்.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் பொங்கலிடுவதற்காகப் பானையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நண்பரின் மனைவி, "வண்டியே சரியில்லை" என்றார்.

மூன்று அபிப்பிராயங்களில் மூன்றாவதுதான் உண்மைக்கு அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் நான் விருந்தாளி. வாயைத் திறக்கவில்லை.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-களில் சென்னையில் செய்யப்பட்ட கார். நண்பருடைய தகப்பனார் ஆசையோடு வாங்கி, பாளையங்கோட்டையில் தம் வீட்டு வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டு, பிள்ளையைப் போல வளர்த்தது. அவர் காலமான பிறகு சில வருஷம் கொட்டகையிலேயே தூங்கிவிட்டு, இப்போது மகன் கையில் மீண்டும் எழுந்திருக்கிறது. நண்பர் அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றே சொல்லுவார். நான் சிரித்தால் கோபம் வந்துவிடும். "டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று கேள்விப்பட்டதுண்டா? 1962-இல் இங்கிலாந்தில் வந்த பந்தயக் குதிரை. அதன் அடிச்சட்டம் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியது. இஞ்சினும் இதே வம்சம். சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டும் ஓடியிருக்கிறது, தெரியுமா?" என்று பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். உறவு முறை சரிதான். ஆனால் பந்தயக் குதிரைக்குச் சொந்தக்காரனாகப் பிறந்துவிட்டால் மட்டும் போதுமா? மலையும் ஏற வேண்டும் அல்லவா?

அன்று எப்படியோ அய்யனாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறு வாரம் நண்பர் வண்டியை ஒரு பட்டறையில் விட்டார். எந்தப் பட்டறை என்பது இங்கே முக்கியமில்லை. மாலையில் வண்டி வந்தது. சத்தம் அடியோடு நின்றிருந்தது. "ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்!" என்று நண்பர் பூரித்துப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில், அதே மேட்டில், அதே பொங்கல் பானையோடு ஏறினோம். சத்தம் இல்லை, உண்மைதான். இழுப்பும் இல்லை. பாதி மேட்டில் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. பானையில் பொங்க வேண்டியது முன்னாலேயே பொங்கிவிட்டதாக நண்பரின் மனைவி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வீடு வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

வாசகர்களில் பலர் காரில் பிரயாணம் செய்கிறவர்கள். ஆனால் மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கும் அந்த வாரம் வரை அதே கதிதான். ஆகவே இந்தத் தட்டும் சத்தம் என்ன என்பதை நமக்கெல்லாம் தெரிந்த ஒரு விஷயத்தைக் கொண்டு சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடத்தைப் பிடித்து ஆயிரம் பேர் நிற்கிறார்கள். தேருக்குப் பின்னால் தடி போடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். முன்னால் ஒருவர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் வடத்தின் தலையிலிருந்து வால் வரைக்கும் கைக்குக் கை பரவ ஒரு கணம் ஆகிறது. எல்லாக் கைகளும் சேர்ந்து இழுக்கும் கணமும், பின்னால் தடி எழும்பும் கணமும் ஒன்றாக இருந்தால்தான் தேர் அசையும். ஆகையால் குரல் கொடுக்கிறவர் சரியான கணத்தில் குரல் கொடுத்தால் போதாது. சரியான கணத்துக்குச் சற்று முன்னாலேயே கொடுக்க வேண்டும்.

மோட்டார் இஞ்சினில் நடப்பதும் இதுவே. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. பிஸ்டன் மேலேறி அவற்றை அமுக்குகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. அந்தப் பொறிதான் குரல். தீ ஒரு மூலையில் பற்றி மறு மூலை வரைக்கும் பரவுவதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் ஆகிறது. அது ஒரு நேரமா என்று கேட்கலாம். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிற இஞ்சினின் அச்சு, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. தீ பரவி அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தீயின் பலம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும். இந்தக் கணக்குக்குத்தான் பட்டறைக்காரர்கள் 'டைமிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குரல் தாமதமானால் என்ன ஆகும்? இழுப்பு வீணாகும். பிஸ்டன் இறங்கிப் போன பிறகு தீ பரவுகிறது. சக்தியாக வேண்டியது வெறும் சூடாகி இஞ்சினைக் கொதிக்க வைக்கிறது. குரல் அளவுக்கு மீறி முந்தினாலோ வேறு ஆபத்து. முன்வரிசையில் இழுத்த இழுப்பில் நெருக்கப்பட்டு, வடத்தின் கடைசியில் நிற்கிற கும்பல் தன் முறை வரும் வரை பொறுக்காமல், திடீரென்று தானாகவே ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் எப்படி? வடம் அதிரும், தேர் குலுங்கும், சக்கரம் சறுக்குக் கட்டையில் மோதும். இஞ்சினிலும் முன்னால் பற்றிய தீயின் அழுத்தத்தாலும் சூட்டாலும், கடைசி மூலையில் எரியாமல் காத்திருக்கும் வாயு, தீ வந்து சேருவதற்கு முன்னாலேயே ஒரே கணத்தில் தானாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர்ச் சுவரில் மோதி நம் காதில் 'கிணுகிணு' என்று கேட்கிறது. அதுதான் 'நாக்கிங்'. அதிகமானால் பிஸ்டனின் தலை கரையும். ஓட்டை விழுவதும் உண்டு.

மோட்டார் பிறந்த புதிதில் இந்தக் குரல் கொடுக்கும் வேலை டிரைவரின் கையிலேயே இருந்தது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி செய்த 'மாடல் டி' வண்டியில், ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்புறம் ஒரு கம்பி, இடப்புறம் ஒரு கம்பி. வலக் கம்பி பெட்ரோலுக்கு. இடக் கம்பி பொறிக்கு. வேகம் எடுத்தால் இடக் கம்பியைக் கீழே இழுத்துப் பொறியை முந்த வைக்க வேண்டும். மேடு வந்தால் மேலே தள்ளிப் பிந்த வைக்க வேண்டும். மறந்துபோய்ப் பொறியை முன்னுக்கு வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினால், அது திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். அந்தக் காலத்து டிரைவர் காதால் ஓட்டினார் என்று சொன்னாலும் பொருந்தும். பிற்பாடு அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சிறு பெட்டிக்குள் இரண்டு இரும்பு எடைகளிடமும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளிடமும் ஒப்படைத்துவிட்டார்கள். வேகம் கூடினால் எடைகள் சுழன்று விரியும். விரிந்தால் பொறி முந்தும். ஸ்பிரிங்குகள் அவற்றைப் பிடித்து நிறுத்தும். கூடவே இஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்துக்கு ஏற்பப் பொறியை நகர்த்த ஒரு வேக்குவம் பைப்பும் வந்தது. டிரைவரின் காதுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு நீண்டால் என்ன ஆகும்? காது மறந்துவிடும்.

எல்லோரும் மறந்துவிடவில்லை. நண்பரும் நானும் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த ஒற்றைக் கொட்டகை. அதன் சொந்தக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்கிறார்கள். நாங்களும் அண்ணாச்சி என்றோம். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் முதலில் இஞ்சினைத் தொடவே இல்லை.

"தம்பி, சத்தம் எப்ப வரும்? மிதிச்ச உடனேயா, வேகம் ஏறின பொறவா?"

"மேட்டில், மிதித்ததும்" என்றார் நண்பர்.

"அந்தப் பட்டறையில என்ன செஞ்சாக?"

"டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்தார்களாம்."

அண்ணாச்சி சிரித்தார். "சத்தத்தை அமுக்கிட்டாவ. சீக்கை அமுக்கலையே! அழுத பிள்ளைக்கு வாயைப் பொத்துன கதைல்லா இது?"

"பெட்ரோல் மட்டமாக இருக்குமோ?" என்று நண்பர் தம் பழைய கட்சியை விடாமல் பிடித்தார்.

"இந்த வண்டி பொறந்த காலத்துப் பெட்ரோலைவிட இன்னைக்குப் பெட்ரோலு எவ்வளவோ மேலு தம்பி. அதைக் குடிச்சே தட்டாம ஓடுன வண்டி, இதைக் குடிச்சுட்டா தட்டும்?"

இது எனக்குப் புதிய செய்தி. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். கிழவர் சொன்னது அட்சர சுத்தம். பெட்ரோல் எவ்வளவு தூரம் தட்டாமல் தாங்கும் என்பதை அளக்கிற ஆக்டேன் எண் இன்று நம் பங்குகளில் நன்றாக உயர்ந்திருக்கிறது. ஹெரால்டு வந்த காலத்தில் சாதாரண பெட்ரோலுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எங்கய்யா கரி பஸ்ஸுல கிளீனரா இருந்தாக, சார். அவுக சொல்லிக் குடுத்தது" என்றார்.

கரி பஸ்! இளைய வாசகர்களுக்கு இந்த இரண்டு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்திராது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா எண்ணெயும் நின்றது. ஊர் ஊராக பஸ்கள் படுத்துவிடும்போல இருந்தது. அப்போது கை கொடுத்தது அடுப்புக் கரி. பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதற்குள் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, போதிய காற்றுக் கொடுக்காமல் அரைகுறையாக எரிய விட்டால் ஒரு வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, தூசியும் சாம்பலும் போக வடிகட்டி, இஞ்சினுக்கு அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதிலாக ஓடும். தெற்கே இந்தக் கருவிகளைச் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். மதுரையில் பெயர் பெற்ற அந்தப் பஸ் முதலாளி நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்று பெயர் பொறித்த உருளைகளைச் சுமந்துகொண்டு அந்நாளில் எத்தனையோ பஸ்கள் ஓடின.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் கைத்துருத்தியைச் சுற்றிச் சுற்றித் தீயை உயிர்ப்பிக்க வேண்டும். மூடின கொட்டகைக்குள் செய்தால், அந்த வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிக் கிடத்திவிடும். வண்டியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்லுகிறார்களே என்று முணுமுணுப்பார்கள். ஆனாலும் தள்ளுவார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கரி வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். அது எரியவும் எரியாது, எரிகிறதையும் மெதுவாக்கிவிடும். தேர் வடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிற ஆட்களை நிறுத்தியது மாதிரி. குரல் பரவ வெகு நேரம் ஆகும். ஆகவே குரலை வெகுவாக முந்திக் கொடுக்க வேண்டும். டைமிங்கை நன்றாக முன்னுக்கு வைத்தால்தான் கரி பஸ் நகரும். அதே சமயம் அந்தத் தூங்குமூஞ்சிகள் ஒருநாளும் பதறி இழுக்கமாட்டார்கள். அதாவது கரி வாயுவில் இஞ்சின் லேசில் தட்டாது.

"ஆனா கிளப்புததுக்குக் கொஞ்சம் பெட்ரோலு வேணும்லா?" என்றார் அண்ணாச்சி. "காலையில பெட்ரோல்ல கிளப்பி, பொறவு கரிக்கு மாத்துவாக. கரிக்கு வச்ச டைமிங்கோட பெட்ரோலைக் குடுத்தா கடகடன்னு தட்டும். அதனால டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால பிடிச்சுத் திருப்பிக்கிட்டே காதைக் குடுத்துக் கேப்பாகளாம். 'எலே, கண்ணை மூடிக்கிட்டுக் கேளு; இஞ்சின் பொய் சொல்லாது'ன்னு எங்கய்யா சொல்லுவாக."

இங்கே தாமிரபரணிக் கரையில் ஒரு கிளீனர் பையன் இஞ்சினுக்குக் காது கொடுப்பதற்கு ஒரு தலைமுறை முன்னால், அமெரிக்காவிலும் இதே சத்தத்துக்குச் சிலர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையின் முடிவு வேறு விதமானது.

1912-இல் காடிலாக் காரில் கைப்பிடிக்குப் பதிலாக மின்சார ஸ்டார்ட்டரையும், பேட்டரியிலிருந்து பொறி எடுக்கும் முறையையும் வைத்துப் பெயர் வாங்கியவர் சார்லஸ் கெட்டரிங். கார்கள் தட்டியபோது போட்டிக்காரர்கள், "எல்லாம் அந்தப் பேட்டரிப் பொறியின் கோளாறு" என்று பழி போட்டார்கள். பொறி குற்றவாளி அல்ல, எரிபொருள்தான் குற்றவாளி என்று நிரூபித்துக் காட்ட கெட்டரிங் விரும்பினார். 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இஞ்சினீயரை அந்த வேலையில் போட்டார். தரையோடு படரும் ஒரு செடியின் இலை சிவப்பாக இருப்பதால்தான் அது வெயிலை ஈர்த்துப் பனிக்காலத்திலேயே பூக்கிறதோ என்று அவர்களுக்கு ஒரு யோசனை. எரிபொருளுக்கும் சிவப்பு நிறம் கொடுத்தால் சீராக எரியுமா? சிவப்புச் சாயம் கைவசம் இல்லை. மிட்ஜ்லி அயோடினை எடுத்துக் கலந்தார். தட்டும் சத்தம் நின்றுவிட்டது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அயோடின் என்ற பொருளுக்குத்தான் அந்தக் குணம். தப்பான காரணத்தால் சரியான கதவு திறந்துவிட்டது. விஞ்ஞானத்தில் அப்படியும் நடக்கிறது.

ஐந்து வருஷம் ஒவ்வொரு பொருளாகக் கலந்து பார்த்து, 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சரக்கைக் கண்டுபிடித்தார். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டி கூட வேண்டாம். இஞ்சின் வாயை மூடிக்கொண்டது. கடைசி வரிசையில் பதறி இழுக்கிற கும்பலைச் சாந்தப்படுத்தும் மருந்து அது. 1923 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இதனால் சிலிண்டரில் வாயுவை மேலும் இறுக்கி அமுக்கலாம். சிறிய இஞ்சினில் பெரிய பலம் எடுக்கலாம். பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களின் துள்ளலுக்கு இந்த ஈயமும் ஒரு காரணம்.

மிட்ஜ்லியின் குழுவினருக்கு வேறொரு மருந்தும் தெரிந்திருந்தது. சாராயத்தைக் கலந்தாலும் தட்டல் நிற்கும். ஆனால் சாராயத்தை நிறையக் கலக்க வேண்டும். அதற்கு எவரும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது. ஈயமோ சொற்பம் போதும். உரிமையும் தங்கள் கையில். வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஈயம் விஷம் என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும். 1923-இல் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுக்கப் போனார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து, மிட்ஜ்லி அந்தச் சரக்கில் தம் கையைக் கழுவி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். தமக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக! கொஞ்ச நாள் நின்றிருந்த விற்பனை 1926-இல் மறுபடியும் தொடங்கிவிட்டது. அந்த வருஷமே பெட்ரோலை அளக்க ஆக்டேன் எண்ணும் வந்தது.

உலகம் முழுவதும் கார்கள் சத்தமில்லாமல் ஓடின. புகைக் குழாய் வழியே ஈயமும் சத்தமில்லாமல் வெளியே வந்தது. 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டுச் சொன்ன கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி, தம் சோதனைகளில் எதை எடுத்தாலும் வேண்டாத ஈயம் கலந்திருப்பதைக் கண்டு திகைத்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். 1965-இல் பகிரங்கமாக எழுதினார். ஈயத் தொழில்காரர்கள் அவரைப் பகைத்தார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்ந்தால் மூளை மழுங்கும். இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்துதான் முழுவதும் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-இல். ஒரு சத்தத்தை அடக்கப் போட்ட மருந்தை நிறுத்துவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. அன்று ஒதுக்கிய சாராயத்தை இப்போது நாமே நூற்றுக்கு 20 பங்கு வரை பெட்ரோலில் கலக்கிறோம்!

கொட்டகைக்குத் திரும்புவோம். அண்ணாச்சி ஹெரால்டின் முன்மூடியைத் திறந்தார். அந்தக் காரின் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போல முன்னோக்கிச் சாயும். இஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். கரி அதிகம் இல்லை. சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் தடுமாறி ஓடுகிறதா என்று கேட்டார்; இல்லை. அப்படியானால் உள்ளே தணலாகப் பழுத்த கரி இல்லை. சி.பி. பாயின்ட்டின் இடைவெளியைச் சரி பார்த்தார். ஒரு சிறு பல்பைக் கம்பியில் மாட்டி, பாயின்ட் திறக்கிற கணத்தில் அது எரிகிறதா என்று பார்த்து, அந்தப் பட்டறையில் பின்னுக்கு வைத்த டைமிங்கை மறுபடி உரிய இடத்தில் வைத்தார். "ஏறி உக்காருங்க" என்றார். திருச்செந்தூர் சாலையில் ஓட்டி, டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென்று மிதித்தார். தகர டப்பா பழையபடி குலுங்கியது.

"டைமிங் சரி. ஆனாலும் தட்டுது. அப்ப என்ன அர்த்தம்?" என்று என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல விழித்தேன்.

"நிக்கயில சரி, ஓடயில தப்பு. ஓடயில பொறியைத் தள்ளுதது யாரு?"

வேக்குவம் பைப்பைக் கழற்றி வாயால் உறிஞ்சினார், உள்ளே தகடு அசைந்தது, உறிஞ்சலும் நின்றது. அதில் பழுதில்லை. பைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டே ஒரு தடவை ஓட்டினார், அப்போதும் தட்டியது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, உள்ளேயிருந்த ரோட்டரை இரண்டு விரலால் மெல்லத் திருகிவிட்டார். திருகிவிட்டால் அது ஸ்பிரிங்கின் பலத்தில் தன் இடத்துக்குத் திரும்பிவர வேண்டும். வரவில்லை. போன இடத்தில் சோம்பேறியைப் போல நின்றது.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் அடித்தட்டைக் கழற்றினார். இரண்டு எடைகள். ஒன்றில் சரியான ஸ்பிரிங், தேய்ந்து தளர்ந்து இருந்தது. மற்றொன்றில் மெல்லிய, நீளமான, பளபளவென்று ஏதோ ஒன்று. விளக்கில் தூக்கிப் பிடித்தார்.

"இது பேனா ஸ்பிரிங்குல்லா!"

பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்! ஒரு முனையை மடக்கி, மிகவும் நேர்த்தியாக மாட்டியிருந்தது. எடையைப் பிடித்து நிறுத்தும் பலம் அதற்கு ஏது? கொஞ்சம் வேகம் எடுத்ததுமே எடை முழுவதும் விரிந்து, பொறி கண்டபடி முந்தியிருக்கிறது.

"எவன் செஞ்ச வேலை இது?" என்று அண்ணாச்சி சிரித்தார். நான் சிரித்தேன். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சுருள் கம்பியைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றார்.

அவருடைய தகப்பனார் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். காருக்குச் சாமான் கிடைக்காமல் போன கடைசிக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் தாமே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாராம். அதற்குப் பிறகு 30 மைலுக்கு மேல் ஓட்டமாட்டார்; மலைப்பக்கம் போகவே மாட்டார். 'மெதுவாப் போ, மெதுவாப் போ' என்று மகனையும் விரட்டிக்கொண்டே இருப்பார். "வயசானதால் பயப்படுகிறார் என்று நினைத்தேன்" என்றார் நண்பர். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. காரணமும் தெரிந்திருக்கிறது. மருந்து கிடைக்காததால் பத்தியம் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டார். பரண்மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். அதில் எத்தனையோ பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களின் எலும்புகள். சென்னைப் பாடியில் 1961-இல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். ஆலையின் முத்திரை சிலவற்றில் தெரிந்தது. தேடித் தேடி ஒரு ஜோடி ஸ்பிரிங்கைப் பொறுக்கி மாட்டினார். ரோட்டரைத் திருகிவிட்டார். 'டக்'கென்று தன் இடத்துக்கு வந்து நின்றது. கூலியாக அவர் கேட்டது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு கூட இராது.

"ஒண்ணு சொல்லுதேன், தம்பி. மேட்டுல நல்லா மிதிச்சியன்னா லேசா ஒரு தடவை கிணுங்கும். பயந்துராதிய. அது கூட இல்லன்னா பொறி பிந்திக் கெடக்குன்னு அர்த்தம். அந்தக் கிணுக்கம்தான் எல்லைக்கல்லு. அதைத் தாண்டவும் கூடாது; அதைவிட்டு ரொம்பத் தள்ளியும் நிக்கக் கூடாது."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏறினோம். பானை நண்பரின் மனைவி மடியில். மைத்துனர் பின்சீட்டில். நண்பரின் சட்டைப் பையில், ஒரு சிறு காகிதத்தில் மடித்து, அந்தப் பேனா ஸ்பிரிங். மலை வந்தது. ஹெரால்டு இழுத்தது. ஸ்பிட்ஃபயரின் சொந்தக்காரன்தான் என்று எனக்குக்கூட முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. செங்குத்தான ஒரு வளைவில் நண்பர் நன்றாக மிதித்தார். ஒரே ஒரு கணம், மெல்லக் கிணுங்கியது.

"சத்தம் கேட்கிறதே!" என்றார் நண்பரின் மனைவி.

"கேட்கட்டும்" என்றார் நண்பர்.

இஞ்சின் வேகம் எடுத்துச் சத்தம் தானாகவே அடங்கியது. அன்று பொங்கல் பானையில்தான் பொங்கியது.